நிச்சயமானவர்களின் நிழற்படம்: திறந்திருக்க வேண்டிய கதவு



திருமண ஓலை எழுத வரும் குடும்பங்களிடம் பங்கு அலுவலகத்தில் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. திருமுழுக்குச் சான்றிதழ் இருக்கிறதா? உறுதிப்பூசுதல் பெற்றாயிற்றா? திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்குச் சென்று வந்தீர்களா? அண்மைக் காலமாக அவர்கள் எங்களைக் கேட்கும் கேள்வி ஒன்றும் இதில் சேர்ந்துகொண்டது. "ஃபாதர், கோவிலுக்குள்ள ப்ரீ-வெட்டிங் ஷூட் எடுத்துக்கலாமா?"

இப்படிக் கேட்க வந்த இளைஞர் ஒருவர், புகைப்படக்காரர் அனுப்பிய மாதிரிப் படங்களைத் தம் கைப்பேசியில் எங்களுக்குக் காட்டினார். ஒன்றில் நிச்சயமான இருவர் கிணற்றுக்குள் இடுப்பளவு நீரில் அணைத்தபடி நின்றார்கள். இன்னொன்றில் கல்லறைத் தோட்டத்தில் பேய் வேடம் போட்டிருந்தார்கள். மற்றொன்றில் பழைய கறுப்பு வெள்ளை சினிமாவின் நாயகன், நாயகி போல மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு படத்தில் பெண் புல்லட் வண்டியை ஓட்ட, பையன் தலைக்கவசம் அணிந்து பயந்த முகத்துடன் பின்னால் உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்து நாங்களும் சிரித்துவிட்டோம். "எல்லாரையும் போல வேண்டாம் ஃபாதர், வித்தியாசமா இருக்கணும்" என்றார் அந்த இளைஞர்.

வித்தியாசமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நிச்சயமான இருவரைப் படம் எடுக்கும்போது அந்தப் படம் எதைச் சொல்கிறது, யாருக்குச் சொல்கிறது, அதன் விளைவு என்ன என்பதைச் சற்று நின்று சிந்திப்பது நல்லது. 'எடுக்கலாம்', 'எடுக்கக் கூடாது' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது அல்ல.

ஸ்டுடியோ முதல் ட்ரோன் வரை

புகைப்படக் கலை உலகிற்கு அறிமுகமானது 1839ஆம் ஆண்டில். பிரான்சைச் சேர்ந்த தாகேர் என்பவரின் முறை அந்த ஆண்டு பாரிசில் பகிரங்கமாக வெளியிடப்பட்டது. தொடக்க காலத்தில் ஒரு படத்திற்காக நெடுநேரம் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. தலை ஆடாமல் இருக்கப் பின்புறம் இரும்புத் தாங்கி வைப்பார்கள். பழைய படங்களில் எவரும் சிரிக்காமல் விறைப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வீடுகளிலும் அப்படிப்பட்ட படங்கள் உண்டு. தாத்தா நாற்காலியில் அமர்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நின்று நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருப்பார். பின்னால் திரைச்சீலையில் மாளிகையோ பூந்தோட்டமோ வரையப்பட்டிருக்கும். இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட முதல் படம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதுவும் திருமணம் முடிந்த பிறகுதான். திருமணத்திற்கு முன் பெண்ணின் தனிப்படம் ஒன்று உறையில் போடப்பட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். சம்பந்தம் கூடி வரவில்லை என்றால் அது அதே உறையில் திரும்பி வரும். அப்படித் திருப்பிக் கொடுப்பது மரியாதை என்று இரு வீட்டாரும் அறிந்திருந்தார்கள். இந்தச் சிறு வழக்கத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இன்று நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, கொடைக்கானல், மாமல்லபுரம், தரங்கம்பாடி, தனுஷ்கோடி என்று இடம் தேடிப் புறப்படுகிறார்கள். ஆடை மாற்ற வண்டி, ஒப்பனைக் கலைஞர், ட்ரோன் எனக் குழுவே உடன் செல்கிறது. மாலை வெயில் சாயும் நேரத்திற்காகக் காத்திருந்து எடுக்கிறார்கள். லென்சின் துளையை அகலத் திறந்து வைத்தால் இருவர் மட்டும் தெளிவாகத் தெரிவார்கள். பின்னால் இருப்பதெல்லாம் மங்கி ஒளிப்புள்ளிகளாகிவிடும். சந்தைக் கூட்டத்திலேயே நின்றாலும் உலகத்தில் அவர்கள் இருவர் மட்டுமே இருப்பது போலத் தோன்றும். பார்ப்பதற்கு மிக அழகு. ஆயினும் நிச்சயம் என்பது உண்மையில் இருவர் மட்டும் இருக்கும் உலகமா?

1434ஆம் ஆண்டின் ஓர் இரட்டை ஓவியம்

புகைப்படம் தோன்றுவதற்கு 400 ஆண்டுகளுக்கு முன்பு வரையப்பட்ட ஓர் ஓவியம் இக்கேள்விக்கு ஒளி தருகிறது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில் வாழ்ந்த யான் வான் ஐக் என்ற ஓவியர் 1434இல் அதை வரைந்தார். ஏறத்தாழ 82 செ.மீ. உயரமும் 60 செ.மீ. அகலமும் கொண்ட மரப்பலகையில் தீட்டப்பட்ட எண்ணெய் ஓவியம் அது. 1842 முதல் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. இத்தாலியின் லூக்கா நகரிலிருந்து வந்து புரூஜில் வணிகம் செய்த அர்னோல்ஃபினி குடும்பத்தவர் ஒருவரும் ஒரு பெண்ணும் வீட்டு அறையில் கைகோத்து நிற்கிறார்கள்.

அந்தக் காலத்திற்கு இது மிகவும் வித்தியாசமான படம். சாதாரண மனிதர் இருவரை, தலை முதல் கால் வரை, அவர்கள் புழங்கும் அறையிலேயே நிறுத்தி வரைவது அன்று வழக்கத்தில் இல்லை. காலணிகள் கழற்றிப் போடப்பட்டிருக்கின்றன. காலடியில் ஒரு நாய்க்குட்டி. மேலே தொங்கும் விளக்கில் பகல் நேரத்திலும் ஒரு மெழுகுதிரி எரிகிறது. சுவரில் செபமணிகள் தொங்குகின்றன. நடுவே ஒரு வட்டக் கண்ணாடி. அதன் சட்டத்தைச் சுற்றி ஆண்டவருடைய பாடுகளின் காட்சிகள் சிறு வட்டங்களில் வரையப்பட்டுள்ளன.

இது திருமண ஒப்புதலின் பதிவு என்று எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்று அறிஞர் 1934இல் எழுதினார். இது திருமணம் அல்ல, மண ஒப்பந்தக் காட்சி என்று எட்வின் ஹால் 1994இல் ஒரு நூலே எழுதினார். வேறு விளக்கங்களும் உண்டு. அறிஞர்களிடையே விவாதம் முடியவில்லை. நமக்கு இங்கே முக்கியமானது அந்தக் கண்ணாடி. அதை உற்றுப் பார்த்தால், இணையரின் முதுகுப்புறமும், அவர்களுக்கு எதிரே வாசலில் நிற்கும் வேறு இருவரும் தெரிகிறார்கள். கண்ணாடிக்கு மேலே சுவரில், வான் ஐக் இங்கே இருந்தார் என்ற பொருள்படும் இலத்தீன் வாசகம், பத்திரங்களில் எழுதும் அலங்கார எழுத்தில், ஆண்டுடன் எழுதப்பட்டிருக்கிறது.

அதாவது, இருவர் மட்டுமே இருப்பதாகத் தோன்றும் அறைக்குள் ஓவியர் மற்றவர்களையும் கொண்டுவந்துவிட்டார். இன்றைய லென்ஸ் சுற்றியிருப்போரை மங்கச் செய்கிறது. அன்றைய கண்ணாடி அவர்களைக் காட்டியது. வாக்குறுதிக்குச் சாட்சிகள் உண்டு என்பதை அந்தப் படம் மறக்கவில்லை.

ஓலை எதற்காக வாசிக்கப்படுகிறது?

சாட்சிகள் ஏன் தேவைப்பட்டார்கள்? அந்நாளில் ஓர் ஆணும் பெண்ணும் மறைவாகச் சம்மதம் சொன்னாலும் திருமணம் செல்லுபடியாகும் என்ற நிலை இருந்தது. பின்னர் ஒருவர் மறுத்துவிட்டால், ஏமாற்றப்பட்டவருக்கு, பெரும்பாலும் பெண்ணுக்கு, நீதி கிடைக்காது. இந்த அநீதியைத் தடுக்கவே திருச்சபை படிப்படியாகச் சட்டம் வகுத்தது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், திருமணங்களை முன்கூட்டியே ஆலயத்தில் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. நாம் இன்று 'ஓலை வாசித்தல்' என்கிறோமே, அதன் வேர் இது. 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம், பங்குக்குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னிற்க வேண்டும் என்று விதித்தது.

ஓலையின் கடைசி வாசகத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இவர்களுடைய திருமணத்திற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்க வேண்டும் என்று அது முடிகிறது. முழுச் சமூகத்தின் முன்னால் நிச்சயத்தை அறிவிக்கும் அதே நேரத்தில், 'இன்னும் முடியவில்லை, ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்' என்று திருச்சபை கதவைத் திறந்து வைக்கிறது.

இன்றைய 'சேவ் த டேட்' படமும் ஓர் அறிவிப்புதான். ஆனால் அது எல்லாம் முடிந்துவிட்டது, நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்கிறது. ஓலை கேள்வி கேட்கிறது. படம் முடிவைச் சொல்கிறது. இந்த வேறுபாடுதான் நம் சிந்தனையின் மையம்.

நிச்சயம் திருமணம் அல்ல

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1062ஆம் எண், மண வாக்குறுதியைப் பற்றிப் பேசுகிறது. அவ்வாக்குறுதியைக் காரணம் காட்டி, திருமணம் செய்தே ஆக வேண்டும் என்று எவரும் வழக்குத் தொடர முடியாது. ஏற்பட்ட இழப்புக்கு ஈடு வேண்டுமானால் கேட்கலாம். ஏன் இப்படி? 1057ஆம் எண் பதில் தருகிறது: இருவரின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது, அந்தச் சம்மதத்தை உலகில் வேறு எவராலும் அவர்களுக்காகக் கொடுக்க முடியாது. 1103ஆம் எண் இன்னும் தெளிவாக, வலுக்கட்டாயத்தாலோ கடும் அச்சத்தாலோ செய்யப்படும் திருமணம் செல்லாது என்கிறது.

இது சட்ட நூலில் மட்டும் இருக்கும் கருத்து அல்ல. ஈசாக்குக்குப் பெண் கேட்டு வந்த ஆபிரகாமின் ஊழியரிடம் ரெபேக்காவின் வீட்டார் உடனே அவரை ஒப்படைத்துவிடவில்லை. பெண்ணைக் கூப்பிட்டு, இம்மனிதருடன் போகிறாயா என்று கேட்டார்கள். அவர் போகிறேன் என்றார் (காண்க: தொநூ 24:57-58). பயண முடிவில் ஈசாக்கைத் தூரத்தில் கண்டதும் ஒட்டகத்திலிருந்து இறங்கி முக்காடிட்டுக்கொண்டார் (காண்க: தொநூ 24:64-65). பெண் நிச்சயித்து இன்னும் மணமுடிக்காதவனைப் போருக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது இணைச்சட்ட நூல் (காண்க: இச 20:7). நிச்சய காலம் காக்கப்பட வேண்டிய காலம் என்று இறைவார்த்தை கருதுவதை இங்கே காண்கிறோம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2350ஆம் எண்ணில், நிச்சயமானவர்கள் ஒருவரை ஒருவர் மதிக்கவும் பிரமாணிக்கமாக இருக்கவும் பழகும் காலமாக இதைக் காட்டுகிறது. கணவன் மனைவிக்கு உரிய அன்பின் வெளிப்பாடுகளைத் திருமணத்திற்கென்று ஒதுக்கி வைக்குமாறும் அழைக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015 மே 27 அன்று தம் புதன் மறையுரையில் நிச்சய காலத்தைப் பற்றியே பேசினார். அன்பின் உடன்படிக்கை ஒரே நாளில் உருவாவதில்லை, அது கற்றுத் தேற வேண்டியது என்பது அவர் உரையின் சாரம்.

ஆகவே நிச்சயமானவர்களுக்கு 'இன்னும் இல்லை' என்ற ஒரு நிலை உண்டு. வாக்குக் கொடுத்தாயிற்று, தம்மையே இன்னும் கொடுக்கவில்லை. கிணற்றுக்குள் நனைந்த உடையில் கட்டியணைத்து நிற்கும் படம் இந்த நிலையைப் பற்றிப் பொய் சொல்கிறது. அடக்கக் குறைவு என்று மட்டும் இதைக் கண்டித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அதைவிட ஆழமான காயம் ஒன்று இருப்பதை ஒரு நிகழ்ச்சி எங்களுக்குக் கற்றுத் தந்தது.

"ஊரே பார்த்தாச்சே ஃபாதர்"

சம்பந்தப்பட்ட பெண்ணின் அனுமதியோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறோம்.

திருமணத்திற்கு முன் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே அழைத்து விசாரிப்பது எங்கள் கடமை. யாருடைய கட்டாயமும் இல்லாமல் முழு மனத்துடன் சம்மதிக்கிறாயா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் உடனே பதில் வந்துவிடும். அன்று அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தயங்காம சொல்லும்மா. நீ சொல்றது இந்த அறையை விட்டு வெளியே போகாது" என்றோம்.

நிச்சயமான மூன்று மாதங்களில் அந்தப் பையனின் போக்கைக் கண்டு அவர் அஞ்சத் தொடங்கியிருந்தார். தொலைபேசியை எடுக்கத் தாமதமானால் வசவு. வேலையை விட வேண்டும் என்ற கட்டளை. தோழியருடன் பேசத் தடை. வீட்டில் சொல்லிப் பார்த்திருக்கிறார். கிடைத்த பதிலை அவர் சொன்னபடியே எழுதுகிறோம்.

"படமெல்லாம் வெளிய வந்தாச்சு, இப்பப் போய் வேண்டாம்னா உன்னை யார் கட்டுவாங்கன்னு அம்மா அழறாங்க. கட்டிப்பிடிச்சு எடுத்த படம் எல்லார் ஸ்டேட்டஸ்லயும் இருக்கு. ஊரே பார்த்தாச்சே ஃபாதர். இனிமே எப்படி?"

திருச்சபைச் சட்டம் திறந்து வைத்திருந்த கதவை அந்த ஆல்பம் சாத்திவிட்டது. இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவது ஓலையை நாங்கள் நிறுத்தினோம். இரு குடும்பங்களையும் அழைத்துப் பேசினோம். சில வாரங்களில் அந்தச் சம்பந்தம் முறிந்தது. மண்டபத்திற்குக் கொடுத்த முன்பணத்தைக் குறித்த சண்டை ஒரு மாதத்தில் தீர்ந்தது. படங்களைக் குறித்த துயரம் அவ்வளவு விரைவில் தீரவில்லை. புகைப்படக்காரர் தம் தொழில் விளம்பரத்திற்காக வெளியிட்டிருந்த படத்தை நீக்கவே பலமுறை கேட்க வேண்டியிருந்தது. அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு சம்பந்தம் பேசி வந்தபோது, அந்த வீட்டாரின் கைப்பேசியிலும் அதே படம் இருந்தது. அவர்கள் பெருந்தன்மை உள்ளவர்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு, பெண்ணை மதித்து ஏற்றுக்கொண்டார்கள். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று நம்மால் சொல்ல முடியுமா?

பழைய நாளில் பெண்ணின் படம் உறையில் போய், கூடாவிட்டால் உறையிலேயே திரும்பி வந்ததை முன்னே குறிப்பிட்டோம். திரும்பி வர வழியுள்ள படம் அது. இன்றைய படத்திற்குத் திரும்பும் வழி இல்லை. அதன் சுமையும் பெரும்பாலும் பெண்ணின் தோளிலேயே விழுகிறது. அதே படத்தில் இருந்த பையனைப் பார்த்து எவரும், "உன்னை யார் கட்டுவாங்க" என்று கேட்கவில்லை. இது நம் சமூகத்தின் பாவம். நம் பங்குகளும் இதற்கு விலக்கல்ல.

இந்த இடத்தில் புனித யோசேப்பை நினைவுகூர்வது தகும். மரியா அவருக்கு மண ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தார். அன்றைய யூத வழக்கில் அந்த ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்துவது. அதை முறிக்க மணவிலக்கே தேவைப்பட்டது. மரியா கருவுற்றிருப்பதை அறிந்த யோசேப்பு, வானதூதர் எதுவும் விளக்குவதற்கு முன்னரே, அவரை ஊரார் முன் இகழ்ச்சிக்கு ஆளாக்க விரும்பவில்லை. மறைவாக விலக்கிவிடத் திட்டமிட்டார் (காண்க: மத் 1:18-19). மத்தேயு அவரை நேர்மையாளர் என்று அழைப்பது இந்த இடத்தில்தான். நிச்சயமான பெண்ணின் பெயரை ஊர் வாயில் விழாமல் காப்பது நேர்மையின் அடையாளம் என்று நற்செய்தி நமக்குச் சொல்கிறது.

ஆலயமும் ஆபத்தும் கடனும்

கோவிலுக்குள் எடுக்கலாமா என்ற முதல் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். திருச்சபைச் சட்டம் 1210, புனித இடத்தில் வழிபாட்டிற்கும் பக்திக்கும் சமயத்திற்கும் உதவுபவை மட்டுமே அனுமதிக்கப்படும் என்கிறது. இடத்தின் புனிதத்திற்குப் பொருந்தாதவை தடை செய்யப்படுகின்றன. எனவே நற்கருணைப் பேழை முன்னால் ஆடை மாற்றி மாற்றி நடித்து எடுப்பதற்கு நாங்கள் அனுமதி மறுத்தால், அதைப் பங்குத்தந்தையின் பிடிவாதம் என்று எண்ண வேண்டாம். இறந்தோர் உயிர்ப்புக்காகக் காத்திருக்கும் கல்லறைத் தோட்டத்திற்கும் இது பொருந்தும்.

எந்த இடம் எதற்கு என்ற உணர்வு மழுங்கிவிட்டதை ஆலயத்திற்கு வெளியேயும் பார்க்கிறோம். 2024 பிப்ரவரியில் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில், ஓர் அரசு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை அறையில் பொய்யான அறுவைச் சிகிச்சைக் காட்சி அமைத்துத் தம் திருமணத்திற்கு முந்தைய படப்பிடிப்பை நடத்திய மருத்துவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 2020 நவம்பரில் அதே மாநிலத்தில் தலக்காடு அருகே, இப்படிப்பட்ட படப்பிடிப்புக்காகக் காவிரியில் சென்ற நிச்சயமான இருவர் படகு கவிழ்ந்து உயிரிழந்தனர். ஒரு படத்திற்காக இரண்டு உயிர்கள். அவர்களுக்காகவும் அவர்கள் பெற்றோருக்காகவும் நாம் செபிப்போம்.

கடனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'அமோரிஸ் லெத்தீசியா' (அன்பின் மகிழ்வு) என்ற 2016ஆம் ஆண்டு ஊக்கவுரையின் 212ஆம் எண்ணில், அழைப்பிதழ், உடை, விருந்து போன்ற எண்ணற்ற ஏற்பாடுகள் பணத்தை மட்டும் அல்ல, மணமக்களின் ஆற்றலையும் மகிழ்ச்சியையும் உறிஞ்சிவிடுவதாகத் திருத்தந்தை பிரான்சிஸ் வருந்துகிறார். களைத்துப்போய்த் திருமணத் திருப்பலிக்கு வருகிறார்கள் என்கிறார். நாங்கள் கண்கூடாகக் காண்பதும் இதுதான். படப்பிடிப்புக்கு இரண்டு நாள் விடுப்பு எடுப்பவர்கள், திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்கிறார்கள். பக்கத்து வீட்டுத் திருமணத்தில் எடுத்தார்கள் என்பதற்காக நாமும் நகையை அடகு வைக்க வேண்டுமா?

அப்படியானால் எடுக்கவே கூடாதா?

எடுக்கலாம். நினைவுகளைப் பேணுவது மனித இயல்பு. புகைப்படம் ஒரு கலை. அதை நம்பிப் பிழைக்கும் இளைஞர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். சில பரிந்துரைகளை மட்டும் முன்வைக்கிறோம்.

1. படம் எடுக்க இருவருக்கும் விருப்பமா என்று தனித்தனியே கேளுங்கள். பெண்ணுக்குத் தயக்கம் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பையனுக்கும் இதே உரிமை உண்டு.

2. படங்கள் திருமண நாள் வரை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஊருக்கு அறிவிக்க ஓலை இருக்கிறது, அழைப்பிதழ் இருக்கிறது.

3. இருவரின் அனுமதி இல்லாமல் எந்தப் படத்தையும் வெளியிடக் கூடாது, திருமணம் நின்றுபோனால் படங்களை அழித்துவிட வேண்டும் என்று புகைப்படக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல கலைஞர் இதற்கு மறுக்கமாட்டார்.

4. கணவன் மனைவியாக நடிக்க வேண்டாம். நீங்கள் இன்று எந்த நிலையில் இருக்கிறீர்களோ அதுவே படத்தில் இருக்கட்டும். இருவருக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியும் அழகுதான். யாக்கோபு ராகேலுக்காக ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். அன்பு மிகுதியால் அவை சில நாள்களாகத் தோன்றின (காண்க: தொநூ 29:20).

5. பெற்றோர், பாட்டி, தாத்தா, உடன்பிறந்தோர் ஆகியோரை ஒரு படத்திலாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வான் ஐக்கின் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

6. ஆலய வளாகத்தில் எடுக்க விரும்பினால் முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் பேசுங்கள். முதலில் உள்ளே சென்று இருவரும் சேர்ந்து செபியுங்கள். தோபியாவும் சாராவும் தங்கள் இல்லற வாழ்வைச் செபத்தோடுதான் தொடங்கினார்கள் (காண்க: தோபி 8:4-8).

கட்டி முடியாத வீடு

நாங்கள் பார்த்தவற்றுள் எங்கள் மனத்தில் நின்ற ஒரு படத்தைச் சொல்லி முடிக்கிறோம். மாப்பிள்ளை கொத்தனார். திருமணத்திற்குப் பின் குடியேற ஒரு சிறு வீட்டைத் தாமே கட்டிக்கொண்டிருந்தார். நிச்சயம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து, இரு குடும்பத்தாரும் அந்த இடத்திற்குப் போனார்கள். பங்கு இளைஞர் ஒருவர் படம் எடுத்தார். சுவர் இன்னும் பூசப்படவில்லை, கூரையும் இல்லை. வாசலில் நிலை மட்டும் நிறுத்தப்பட்டிருந்தது. நிலைக்கு உட்புறம் அவர், வெளிப்புறம் அந்தப் பெண். இருவர் காலிலும் செருப்பு இல்லை. ஒருவரை ஒருவர் தொடவும் இல்லை. செங்கல் அடுக்கின்மேல் இரு வீட்டுப் பாட்டிகளும் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்தார்கள்.

இதுவும் வழக்கத்துக்கு மாறான படம்தான். ஸ்டுடியோ திரைச்சீலையும் இல்லை, கடற்கரையும் இல்லை. ஆனால் அதில் உள்ள ஒவ்வொன்றும் உண்மை. வீடு இன்னும் முடியவில்லை. கதவு இன்னும் போடவில்லை. உள்ளே வருவதும் வராமல் இருப்பதும் அந்தப் பெண்ணின் விருப்பம். திருமண நாளன்று அவர் பீடத்தின் முன் நின்று எல்லாரும் கேட்கும்படி 'சம்மதம்' என்று சொன்னபோது, அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை இருந்தது என்பதை நாங்கள் உணர்ந்தோம்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் மகளோ மகனோ நிச்சயத்திற்குப் பிறகு ஒரு தயக்கத்தோடு உங்களிடம் வந்தால், 'படமெல்லாம் வந்துவிட்டதே' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். அன்பார்ந்த இளையோரே, உங்கள் முகங்கள் அழகானவை. அவற்றைப் படைத்தவர் ஆண்டவர். அவற்றை எங்கே, யாருக்கு, எப்போது காட்டுவது என்ற உரிமையை ஒருநாள் மோகத்திற்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

மண ஒப்பந்தமான மரியாவின் பெயரைக் காத்த புனித யோசேப்பு, திருமணத்திற்குத் தயாராகும் நம் பிள்ளைகளைக் காப்பாராக. நாசரேத்துத் திருக்குடும்பத்தின் பரிந்துரையால் நம் குடும்பங்கள் உண்மையிலும் அன்பிலும் வளர இறைவன் தாமே அருள்புரிவாராக.